ஒரு மணிக்குச் சாப்பிட்ட ஊர்

மோன்வேர், க்ரூஸ் மாவட்டம்
18 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

ஒதில் எழுதுவது. நானும் அவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரூபேயில் மழை விட்டதா? ஆகஸ்டில் ஒரு வாரமாவது பொத்தான் கடையை மூடு என்று சொன்னேனே, மூடியிருக்க மாட்டாய்.

வாடகை வீடு நன்றாகவே இருக்கிறது. பின்வாசலைத் திறந்தால் செஸ்நட் மரக் காடு. மில்லில் மேஸ்திரி வேலையிலிருந்து ஆர்மானைக் கட்டாய விடுப்பில் அனுப்பியதும் ஒரு நல்லதுக்குத்தான் போலும். அவர் அடித்த நெசவாளிக்குத் தாடை எலும்பு கூடிவிட்டதாம், கேஸ் போடவில்லையாம். நவம்பர் கடைசிவரை கிராமத்துக் காற்றில் இருந்தால் கோபம் தணியும் என்று டாக்டர் சொன்னார். காற்றில் குறை இல்லை. சாப்பாட்டு நேரம்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்து ஒன்றரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர் அவர். இந்த ஊரிலோ பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால், வெட்டிக்கொண்டிருக்கும் மரத்தை அப்படியே சாய்ந்தபடி விட்டுவிட்டு மேசைக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் வந்து இறங்கியபோது மணி இரண்டு ஆகவிருந்தது. ஊரில் இருக்கும் ஒரே உணவகத்துக்குப் போனோம். "அடுப்பு அணைச்சாச்சுங்க" என்றார் முதலாளி. "சட்டியில இருக்கறதப் போடுய்யா" என்றார் இவர். "சட்டி கழுவியாச்சுங்களே." இவர் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் எறிந்தார். அந்த மனுஷர் துடைப்பம் எடுத்துவந்து கண்ணாடியைக் கூட்டினார். பேக்கரி நாலு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். காரிலேயே உட்கார்ந்திருந்தோம். பசியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

உதடு வீங்கியிருக்கிறது. கார் கதவு பட்டுவிட்டது. வீட்டை வாடகைக்கு விட்ட லெயோந்தின் ஃபயோல் பக்கத்து வீடுதான். வேலிக்கு மேலாக ரொட்டியும் தொத்திறைச்சியும் நீட்டினாள். நல்ல மனுஷி.

உடம்பைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் வேகமாக இறங்காதே.

உன் தங்கை,
ஒதில்

ரூபே
27 ஆகஸ்ட்

என் ஒதிலுக்கு,

கடிதம் வந்தது. என் முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தத் தடவை கார் கதவு. ஈஸ்டருக்கு அலமாரிக் கதவு. போன வருஷம் குளியலறைக் கதவு. ஊரில் இருக்கும் கதவுகளுக்கெல்லாம் உன் மேல் அப்படி என்னடி பகை?

சரி, நீ சொல்ல மாட்டாய். வயிற்றையாவது பார்த்துக்கொள். ஊர் உனக்காக மாறாது, உன் வீட்டுக்காரர் ஊருக்காக மாற மாட்டார். பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டால் மதியம் போய்ச் சாப்பிடு. நாலு பேர் இருக்கும் மேசையில் உட்கார்ந்தால் உன் முகம் எப்படி இருக்கிறது என்று யாராவது பார்ப்பார்கள்.

கடையை மூடவில்லை. இருமல் இருந்தால் தேன் குடி.

ரெஜின்

மோன்வேர்
14 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், கொஞ்சம் பருத்தும்விட்டேன். காரணம் கேட்டால் திட்டுவாய். நீ சொன்னபடி மணி அடித்ததும் லெயோந்தின் வீட்டுக்கு ஓடிவிடுகிறேன். அவர் அந்நேரம் நடக்கப் போயிருப்பார். சூப், வறுத்த பன்றிக்கறி, சீஸ் எல்லாம் ஆகிறது. வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஒன்றரைக்கு இவரோடு மறுபடி உட்கார்ந்து முதல் கவளம் போலச் சாப்பிடுகிறேன். ராத்திரியும் அப்படித்தான், ஏழுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. இந்த வயதில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த மணிச் சத்தம்தான் இவருக்கு ஆகவில்லை. போன வாரம் கோடாலியோடு போய் மணிக்கூண்டுக் கதவைப் பிளந்து கயிற்றை வெட்டி எறிந்துவிட்டார். மறுநாள் ஒருவன் ஏணி வைத்து ஏறிச் சுத்தியலால் மணியை அடித்தான். எல்லாரும் எப்போதும் போலப் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டையின் முதல் நாள். லெயோந்தின் கணவர் ஃபிர்மின்தான் வேட்டைக் குழுவுக்குத் தலைவர். இவரையும் விருந்துக்கு அழைத்திருந்தார். காட்டு ஓரத்துக் கொட்டகையில் முப்பது பேர் சாப்பிடுவார்கள். பன்னிரண்டுக்குத் துப்பாக்கிகள் எல்லாம் சுவர்ச் சட்டத்தில் ஏறிவிடும், இரண்டு மணிவரை யாரும் தொட மாட்டார்கள். "காளான் பொறுக்கணும்னா அப்பப் போ கண்ணு" என்றாள் லெயோந்தின். "தலைக்கு மேல பன்னி குதிச்சாலும் ஒரு ஆம்பள எந்திரிக்க மாட்டான். சூப்பு ஆறிடும்ல."

இவர் வழக்கம்போல ஒன்றரைக்குப் போனார். எல்லாரும் சாப்பாட்டின் கடைசியில் வரும் சீஸுக்கு வந்திருந்தார்கள். ஃபிர்மின் தட்டை நகர்த்தி, "வாங்க மேஸ்திரி, இருக்கறதச் சாப்பிடுங்க" என்றார். "மிச்சத்தப் போடுறதுக்கு நான் என்ன உன் வீட்டு நாயாடா?" என்று இவர் ஒயின் புட்டியை எடுத்து ஃபிர்மின் முகத்தில் அடித்துவிட்டார். மூக்கு உடைந்து மேசைவிரிப்பெல்லாம் ரத்தம். ஃபிர்மின் எழுந்திருக்கவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "சாப்பாட்டு மேசையில இருக்கேன், அதனால பொழச்ச. வேற எங்கயாச்சும் அந்தக் கைய ஓங்கிப் பாரு, சுட்டுப்புடுவேன்." முப்பது பேரும் கேட்டார்கள்.

அன்று வீட்டில் நான்தான் இருந்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இவர் இப்போது ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறார். தனியாகவே வேட்டைக்குப் போவாராம். உன் இருமலுக்கும் தேன்தான் மருந்து.

ஒதில்

ரூபே
20 செப்டம்பர்

ஒதில்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. கிளம்பி வா. கடை மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது. பெட்டிகூட வேண்டாம், போட்டிருக்கிற செருப்போடு வா. வருகிறாயா இல்லையா, ஒரு வரி எழுது.

ரெஜின்

மோன்வேர்
5 அக்டோபர்

மதிப்பிற்குரிய ரெஜின் அவர்களுக்கு,

ஆர்மான் எழுதுவது. தாங்கள் நலமென நம்புகிறேன். தங்களுடைய செப்டம்பர் மாதக் கடிதத்தைத் தபால்காரன் என்னிடம்தான் கொடுத்தான். படித்தேன்.

என் மனைவி சுகமாக இருக்கிறாள். அவள் எங்கும் வரவில்லை. இந்த ஊர்க் காட்டான்கள் மணி அடித்தால் எச்சில் ஒழுகும் பிராணிகள். என் வீட்டில் மணி அடிப்பது நான்தான். ஒன்றரை என்றால் ஒன்றரை. என் மில்லில் இருநூறு பேருக்கு இது புரிந்தது, ஒருத்திக்குப் புரியவைப்பது பெரிய வேலை இல்லை. கற்றுக்கொண்டு வருகிறாள்.

தாங்கள் இங்கே வர நினைத்தால் ஒன்று சொல்கிறேன். இது வேட்டைக் காலம். ஞாயிறு காலை முழுக்க நாலு பக்கமும் குண்டு பறக்கிறது. பாதை தெரியாத பெண்பிள்ளைகள் காட்டோரம் நடமாடுவது ஆபத்து. யார் குண்டு என்று யாருக்கும் தெரியாது.

தங்கள் முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஆர்மான்

ரூபே
9 அக்டோபர்

மோன்வேர் லெயோந்தின் ஃபயோல் அம்மாவுக்கு,

வணக்கம். நான் ஒதிலின் அக்கா. முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன், மன்னிக்கவும். தாங்களும் கணவரும் சுகமாக இருக்கவேண்டும். அவர் மூக்கு ஆறியதா?

என் தங்கையிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அவன் எழுதியிருக்கிறான். அதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது, கடையில் பொத்தானைக்கூட எண்ண முடியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா? எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ரெஜின்

மோன்வேர்
17 அக்டோபர்

ரெஜின் அம்மாவுக்கு,

லெயோந்தின் எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு குறையுமில்லை. ஃபிர்மினின் மூக்கு கோணலாகக் கூடிவிட்டது, முன்னைவிட லட்சணம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள்.

மறைக்காதே என்றீர்கள், எழுதிவிடுகிறேன். போன மாதக் கடைசியில் ஒருநாள் அவள் எங்கள் வீட்டில் முயல்கறி சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒன்றரைக்கு அவன் எதிரில் அவளுக்கு இறங்கவில்லை. வாயை முகர்ந்து பார்த்திருக்கிறான். அப்புறம் சட்டியை அவள் முன்னால் வைத்து, தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, நாலு பேருக்கு ஆகிற சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாகத் திணித்திருக்கிறான். அவள் வாந்தி எடுத்தாள். எடுத்ததையும் தின்னச் சொன்னான். மாட்டேன் என்றதற்கு மண்தட்டால் வாயில் அடித்தான், முன்பற்கள் இரண்டு போய்விட்டன. கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தான். சத்தம் கேட்டு நான் வேலி தாண்டி ஓடினேன். துப்பாக்கியைக் காட்டி, "ஒன் வீட்டுச் சூப்பப் போய்ப் பாருடி கெழவி" என்றான். எங்கள் நாய் குரைத்தது. அதைச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

போலீசைக் கூட்டிவந்தேன். அவன் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள், அவள் படியில் விழுந்தேன் என்று சொன்னாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். துப்பாக்கி மேசையில் இருந்தது.

இப்போது ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சனி ராத்திரி அவன் குடிப்பான், ஞாயிறு ஒன்றுக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான். 27ஆம் தேதி மணி அடித்ததும் அவள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் போகவேண்டும். அந்நேரம் காட்டில் ஒரு துப்பாக்கியும் இருக்காது, எல்லாரும் கொட்டகையில் சாப்பிடுவோம். மேட்டைத் தாண்டினால் பெரிய ரோடு, இரண்டு மணி பஸ். மறுநாள் காலை ரூபே ஸ்டேஷனில் நில்லுங்கள்.

குளிருக்கு அவளிடம் நல்ல கோட்டு இல்லை, ஒன்று எடுத்துப்போங்கள்.

லெயோந்தின்

மோன்வேர்
3 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஸ்டேஷனில் கோட்டோடு காத்திருந்து ஏமாந்திருப்பாய். தந்தியில் விவரம் சொல்ல முடியவில்லை, மன்னித்துக்கொள்.

ஆர்மான் இறந்துவிட்டார். அன்று பெரிய பன்றி ஒன்று மாட்டிக்கொண்டதால் வேட்டை நீண்டுவிட்டது. சாப்பாடு தாமதம். எல்லாரும் ஒரு மணிக்குத்தான் மேசைக்குப் போனார்கள். அதற்குச் சற்று முன்னால் ஃபிர்மின் பன்றியைச் சுட்டபோது, ஆர்மான் யாரிடமும் சொல்லாமல் புதருக்குள் நின்றிருந்தார். குண்டு நெஞ்சில் பட்டது. விபத்து. போலீஸ் எல்லாரையும் விசாரித்து எழுதிக்கொண்டது. லிமோஜ் நகர நீதிபதி இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதுவரை நான் இங்கே இருக்கவேண்டும். லெயோந்தின் வீட்டில் தங்கியிருக்கிறேன்.

முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்.

ஒதில்

ரூபே
8 நவம்பர்

என் ஒதிலுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து அழுதேன். அவன் செத்ததற்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை. பல்லுக்கு வைத்தியம் பார்த்தாயா? மூச்சு விட்டால் விலா வலிக்கிறதா?

ஆனால் உன் அக்காவை முட்டாள் என்று நினைக்காதே. மூன்று மாதமாக எனக்கு நீ வேறு எதை எழுதினாய்? ரத்தம் கொட்டினாலும் மேசையை விட்டு எழாத ஆள் ஃபிர்மின் என்று எழுதினாய். மணியின் கயிற்றை அறுத்தாலும் பன்னிரண்டுக்குச் சாப்பிட்ட ஊர், ஒரு பன்றிக்காக ஒரு மணிவரை காத்திருந்ததா? கடையில் நிற்கிற எனக்கே இது செரிக்கவில்லை, நீதிபதிக்கு எப்படிச் செரிக்கும்?

தபாலில் எழுத முடியாது என்றால் யார் கையிலாவது கொடுத்தனுப்பு.

ரெஜின்

மோன்வேர்
16 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கொண்டுவருகிறவர் ஃபிர்மினின் தம்பி. வடக்கே மாடு ஏற்றிப்போகும் லாரி அவருடையது. ஒரு காப்பி கொடு. எனக்கு வலி குறைந்திருக்கிறது. ரொட்டியை ஓரப்பல்லால் கடிக்கிறேன்.

அன்று பன்னிரண்டுக்கு மணி அடித்தது. நான் காட்டுக்குள் போனேன். அவன் தூங்கவில்லை, அக்கா. மேட்டில் பாதி ஏறியபோது பின்னால் அவன் குரல் கேட்டது. "வேட்டைக் காலம்டி. காலையில இருந்து நூறு வெடி கேட்டாச்சு. இன்னொண்ணு கேட்டா எவன் திரும்பிப் பாப்பான்?" சுட்டான். கையில் இருந்த பெட்டி சிதறியது, என் இடது கைச் சுண்டுவிரலும் போனது. அதைப் பற்றி நீ கேட்காதே, பழகிக்கொண்டேன். நான் விழுந்தேன். வந்து முதுகில் பூட்ஸ் காலை வைத்து அழுத்திக்கொண்டு, துப்பாக்கியை மடக்கி அடுத்த தோட்டாவைப் போட்டான். அவசரமே படவில்லை. முகத்தை மண்ணில் தேய்த்து, "இப்பப் பசிக்குதாடி?" என்றான்.

மூன்று மாதம் இந்த ஊரில் இருந்தும், அந்நேரம் இங்கே யாரும் சுட மாட்டார்கள் என்பதை அவன் கற்றுக்கொள்ளவில்லை.

கொட்டகையில் அப்போதுதான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். வெடிச் சத்தம் கேட்டதும் கரண்டிகள் நின்றன. "இந்நேரத்துக்கு எவன்டா சுடுறான்?" என்று ஒருவர் கேட்டார். சுற்றிப் பார்த்தார்கள், அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "ஐயோ, அந்தப் பொண்ணு" என்றாளாம் லெயோந்தின். மற்றவர்கள் நாற்காலியைத் தள்ளுவதற்குள் ஃபிர்மின் சட்டத்திலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

நான் நிமிர்ந்தபோது கல்சுவருக்குப் பின்னால் அவர் நின்றார். கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு அப்படியே செருகியிருந்தது. "கால எடுரா" என்றார். அவன் துப்பாக்கியை என் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. ஃபிர்மின் ஒரு தடவைதான் சுட்டார். அவன் என் மேலேயே விழுந்தான். அவன் ரத்தம் என் காதுக்குள் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

எல்லாரும் வந்து நின்றார்கள். உண்மையைச் சொல்லலாம் என்றார் ஒருவர். "சுட்டுப்புடுவேன்னு முப்பது பேர் முன்னால சொன்ன மனுஷன். சொன்னதச் செஞ்சான்னுதான லிமோஜ்காரன் எழுதுவான்?" என்றாள் லெயோந்தின். விபத்து என்று சொல்லவேண்டுமானால் வேட்டை நடந்துகொண்டிருக்கவேண்டும். அந்நேரம் வேட்டை நடந்தது என்றால், சாப்பாடு ஆரம்பித்திருக்கக் கூடாது. அவளே சொன்னாள்: "இன்னிக்கு நாம ஒரு மணிக்குத்தான் உக்காந்தோம்."

அவர்களுக்குச் செத்தவனைப் பார்த்தபோது இருந்த அதிர்ச்சியைவிட இதில்தான் அதிர்ச்சி அதிகம். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் முனகினார்: "ஒரு மணிக்கா? அடுத்த ஊர்க்காரன் சிரிப்பானே லெயோந்தின்." "சிரிக்கட்டும்." "பன்னெண்டரைன்னு வெச்சுக்குவமா?" "ஒண்ணு." கிழவர் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். "சரி, ஒண்ணு" என்றார்.

போலீஸ் சார்ஜெண்ட் இந்தப் பக்கத்து ஆள்தான். முதல் ஆள் ஒரு மணி என்றதும் பேனா நின்றுவிட்டது. "ஒரு மணிக்கா?" என்றார். முப்பது பேரும் வரிசையாக அதையே சொன்னார்கள். அவர் என் கையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நீதிபதிதான் நம்பவில்லை. விபத்தானாலும் ஆள் செத்ததற்காக ஃபிர்மினின் துப்பாக்கியையும் வேட்டை உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள், இனி ஆயுளுக்கும் கிடையாதாம். ஞாயிறுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்க்கிறார். எனக்கு அழுகை வந்தால், "மூக்கத் துடச்சுட்டுச் சூப்பக் குடி பொண்ணே" என்கிறார்.

உன்னிடமும் விசாரிக்க ஆள் வரலாம்.

ஒதில்

ரூபே
2 டிசம்பர்

என் ஒதிலுக்கு,

நான் சுகம். லாரிக்காரருக்குக் காப்பியும் முட்டையும் கொடுத்தேன். சுண்டுவிரலைப் பற்றிக் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், உன் கைக்குத் தக்கபடி.

முந்தாநாள் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். லிமோஜிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. ஆர்மான் எப்படிப்பட்டவர் என்று கேட்டார், சொன்னேன். உன் பற்களைச் சொன்னேன், மில் நெசவாளியின் தாடையைச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு கடைசியில் கேட்டார்: "ஒங்க தங்கச்சி அங்க மூணு மாசம் இருந்திருக்காங்க. அந்த ஊர்ல எத்தன மணிக்குச் சாப்புடுவாங்கன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களாம்மா?"

கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் பொய் சொன்னதற்காக உன்னை எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க" என்றேன். "அந்த ஊர்ல நேரங்காலமே கெடையாது. ஒருநாள் பதினொண்ணு, ஒருநாள் ரெண்டு. பன்னி கெடச்சா ஒண்ணு, கெடைக்கலன்னா மூணு. நாகரிகம் இல்லாத ஜனங்க. என் தங்கச்சி அதச் சொல்லிச் சொல்லியே அழுவா."

அவர் அத்தனையும் எழுதிக்கொண்டார். அடியில் கையெழுத்துப் போட்டேன், கை நடுங்கவில்லை.

ஃபிர்மினிடமும் லெயோந்தினிடமும், அந்தத் தொப்பிக் கிழவரிடமும் போய் என் சார்பில் மன்னிப்புக் கேள். அவர்கள் ஊரை இவ்வளவு கேவலமாக இதுவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ரெஜின்